யார் இந்தப் பெருவாயன்?

அத்தியாயம் 4

முந்திய மூன்று அத்தியாயங்களையும் படிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். அவற்றில் பஹீமா காணாமல்போன ஓர் ஆட்டைக் கண்டுபிடித்தாள். அதற்குள் ஆட்டுக்காரர் வேறு ஆடு வாங்கிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். உண்மையான வழக்கு இந்தச் சனிக்கிழமை காலையில்தான், காத்தான்குடிப் பிரதான வீதியில் கூல் பாருக்கு மேலே இருக்கும் 'பஹீமா துப்பறிவகம்' வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றது.

வழக்கின் பெயர் தனுஷா. பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். தோளில் ஒரு லெப்டொப் பை, கண்ணுக்குக் கீழே இரண்டு கருவளையம். அவளுக்குக் கதிரையைக் காட்டிவிட்டு பஹீமா தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினாள். பஹீமா முன்னர் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்தவள். நடக்காத விபத்துகளுக்கு நட்டஈடு கேட்டு வந்த பாதி ஊரை அழவைத்தவள் என்று அவளுக்கு நல்ல பெயர்.

"என்ன களவு போன?"

"ஹாட் டிஸ்க் அக்கா. களவு போகல்ல. ஒராளிட்ட பத்திரமா இரிக்கு. அந்த ஆளத்தான் காணல்ல."

"ஆளுட பேரு?"

"பெருவாயன்."

மூலையில் இருந்து ஒரு சிரிப்பு வந்தது. அது நிலோஜன். சொந்தமாக ஓட்டோ வைத்திருப்பவன். பஹீமாவின் உதவியாளன். இரண்டு வேலையிலும் அவனுக்கு ஹோர்ன் தேவைப்பட்டதில்லை, வாயே போதும்.

"பெருவாயன் எண்டா நிறையப் பேர் இரிக்காங்களே தங்கச்சி. எந்தக் கட்சி?"

"நிலோஜன்" என்றாள் பஹீமா.

"சரி ராத்தா, நான் கதைக்கல்ல" என்று சொல்லிவிட்டு அவன் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டான்.

தனுஷா தன் ஆய்வின் தலைப்பைச் சொன்னாள். "சிக்கலான பண்பாட்டு மரபுத் தரவுகளைக் கட்டமைத்தலும் அவற்றினூடாக வழிசெலுத்தலும்."

"எனக்குக் கடைசிச் சொல்லு மட்டும் விளங்கின" என்றான் நிலோஜன். "வழிசெலுத்துற. நம்மட தொழில்தான். மீற்றர் போடுவீங்களா?"

அவள் லெப்டொப்பைத் திறந்து காட்டினாள். திரை முழுக்கப் புள்ளிகள், புள்ளிகளுக்கு இடையே கோடுகள். வாவியைச் சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் ஆட்களின் பேச்சைப் பதிந்து வந்திருந்தாள். அந்தப் பேச்சைக் கம்ப்யூட்டர் எழுத்தாக்கி, வருகிற ஒவ்வொரு பெயரையும் இது மனிதர், இது இடம், இது பொருள், இது சடங்கு என்று பிரித்து, எதற்கு எது உறவு என்று கோடு கீறும். ஒரு புள்ளியைத் தொட்டால் அதிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி தெரியும். திரையின் நடுவில் மட்டும் ஒரு புள்ளி பலாப்பழ அளவில் வீங்கிக் கிடந்தது. அதன் பெயர் பெருவாயன். வகை, மனிதர்.

"ஓட்டமாவடியில கேட்டாலும் இவர்தான், செட்டிபாளையத்தில கேட்டாலும் இவர்தான். எல்லாக் கோடும் இவரிலதான் வந்து முடியுது. ஆனா ஒரு புத்தகத்திலயும் இவருட பேரு இல்ல. வரலாறு மறந்த தலைவர் அக்கா. என்ட ஆய்வுல ஐஞ்சாம் அத்தியாயம் முழுக்க இவர்தான்."

"எந்தக் காலத்து ஆள்?"

"அதுதான் புதிர். எல்லாத் தலைமுறையிலயும் இரிக்கார். அது பட்டப்பேர். ஒருத்தர் போனா இன்னொருத்தர அழைச்சுப் பதவியில இருத்துவாங்க. இப்பவும் ஒருத்தர் உயிரோட இரிக்கார். அவரிட்டத்தான் என்ட டிஸ்க்."

போன கிழமை பனிச்சங்கேணியில் இளையதம்பி என்ற கமக்காரரின் நெற்களத்தில் பதிவு செய்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஓடிய ஓட்டத்தில் டிஸ்க்கை அங்கேயே விட்டுவிட்டாள். நேற்றுத்தான் இளையதம்பி ஃபோனை எடுத்தார். "பயப்பிடாத மகள், அதப் பெருவாயனிட்ட குடுத்து வெச்சிரிக்கன். கணக்கனும் பக்கத்தில காவலுக்கு இரிக்கான்" என்றார். அத்தோடு அவர் ஃபோன் செத்துவிட்டது.

"பெரிய தலைவரிட்ட நான் தனியப் போய் என்னெண்டு கேக்கிற? திங்கக்கிழமை எனக்கு வாய்மொழித் தேர்வு. வெளிநாட்டில இருந்து ஒரு பரீட்சகர் வாறார். மூலக் குரல்பதிவு எல்லாம் அந்த டிஸ்க்கிலதான். அது இல்லாம வரவேணாம் எண்டு மேற்பார்வையாளர் சொல்லிப்போட்டார். எனக்கு இதுதான் கடைசித் தவணை. விட்டா பதிவே ரத்து."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பஹீமாவுக்கு அழுகிறவர்களை நம்பும் பழக்கம் இல்லை. ஆனாலும் இவளை நம்பினாள்.

"பெருவாயனப் பற்றி என்ன தெரியும்? சொல்லு."

"சனம் அவரத் தலையில தூக்கி வெச்சுக்கொண்டு நடந்திரிக்கு. அவ்வளவு மரியாதை. ஆனா கஷ்டமும் பட்டிரிக்கார். ரெண்டு காதிலயும் பிடிச்சுத் தூக்கியிரிக்காங்க. வெள்ளைக்காரன் காலத்துச் சித்திரவதையா இரிக்கும் எண்டு நான் எழுதியிரிக்கன். ஒருக்கா அவரக் கவிழ்த்தும் போட்டிரிக்காங்க. அது அரசியல் சதி."

"என்ன சாப்பிடுவார்?"

"அது இல்ல... 'வாய்நிறையக் குடுத்தம்' எண்டு மட்டும் இரிக்கு."

"தன்ட காலால எங்கயாவது நடந்து போயிரிக்காரா?"

தனுஷா தேடிப் பார்த்தாள். "இல்ல. எப்பவும் ஆரோ தூக்கிக்கிட்டுத்தான் போறாங்க."

"எந்த மாசத்தில ஆக்கள் கண்டிரிக்காங்க?"

"மாசி, பங்குனி. புறகு ஆவணி."

"மத்த மாசத்தில?"

"தலைமறைவு."

"தேர்தலுக்கு மட்டும் வாறவங்கள விட இவர் பரவாயில்ல" என்றான் நிலோஜன்.

தனுஷாவின் ஃபோனில் இளையதம்பியின் பேச்சில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. காற்று, காகம், நடுவில் கிழவரின் குரல். அதே துண்டைக் கம்ப்யூட்டர் எழுத்தாக்கி வைத்திருந்ததைப் பஹீமா லெப்டொப்பில் படித்தாள்: 'பழைய பெருவாயன் மழைக்கு நனஞ்சு போயிட்டான், புறகு புதுசா ஒருத்தன அழைச்சம்.' திரும்பவும் போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள். பிறகு ஃபோனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். திறந்தபோது சிரிப்பை அடக்குகிற முகம்.

"ஓட்டோவ எடு. பனிச்சங்கேணிக்குப் போவம்."

"என்ன ராத்தா பிடிபட்ட?"

"ஒரு எழுத்து."

அதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை. துப்பறிகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. பக்கத்தில் இருப்பவன் தலை வெடித்தாலும் கடைசிப் பக்கம் வரை சொல்ல மாட்டார்கள்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் தனுஷா அமிர்தகழிக்குத் திருப்பச் சொன்னாள். அங்கே பெருவாயன் நினைவு மன்றம் இருக்கிறதாம். அதன் தலைவி சின்னத்தங்கத்துக்கு அவருடைய விலாசம் தெரிந்திருக்கும் என்றாள். மன்றத்தின் வரலாறு சுருக்கமானது. தன் கண்டுபிடிப்பைப் பற்றித் தனுஷா முகநூலில் ஒரு வரி எழுதினாள். ஊர் அதைப் படித்துக் கொட்டாவி விடுவதற்குள் சின்னத்தங்கம் மன்றத்தைத் தொடங்கி, பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டாள்.

சின்னத்தங்கம் ஐம்பதைத் தாண்டியவள். அகலமான பட்டுக்கரைச் சேலை, அதைவிட அகலமான குரல்.

"அவர் எனக்குத் தாய்வழிப் பெத்தப்பா. நாங்க பெருவாயன் குடி" என்றாள். இந்தப் பக்கத்தில் பெத்தப்பா என்றால் தாத்தா, குடி என்றால் தாய்வழி வரும் வம்சம். அதைச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

"போன மாசம் வேற குடி சொன்னீங்களாமே" என்றான் நிலோஜன்.

"அது போன மாசம்."

சுவரில் பெருவாயனின் படம் தொங்கியது. தலைப்பாகை, உருட்டிய கண், காதுவரை மீசை. ஓவியரின் கற்பனைக்குச் சின்னத்தங்கம் தானே மீசை சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"வாயக் காணல்லயே" என்றாள் பஹீமா.

"மீசைக்குள்ள இரிக்கு."

இப்போதைய பெருவாயனைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் ஒரு மாலையை எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டாள். பின் இருக்கையில் ஏற்கெனவே இருந்த இரண்டு பேரும் ஒருவர் அளவுக்குச் சுருங்கினார்கள்.

"திங்கக்கிழமை முழு மன்றமும் மண்டபத்துக்கு வாறம்" என்று வழிநெடுகச் சொன்னாள். "கம்ப்யூட்டர்ல சந்ததி எண்டு எங்கட குடி முழுக்கப் பேரு குடுத்திரிக்கம். வெள்ளைக்காரர் எங்களப் பார்க்கோணும்."

ஏறாவூர் போனது, ஓட்டமாவடி போனது, பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் வாவி வெயிலில் மின்னியது. அதை ரசிக்க யாருக்கும் இடம் இருக்கவில்லை. சின்னத்தங்கத்தின் முழங்கை எல்லோரையும் ஆண்டுகொண்டிருந்தது.

வட்டை என்று சொல்லும் வயல்வெளியில் அறுவடை முடிந்து எல்லாம் மொட்டையாகக் கிடந்தது. நெல்லை வெட்டியது மெசின்தான். ஆனாலும் இளையதம்பி தன் களத்தைப் பழைய சீராகவே வைத்திருந்தார். நடுவில் பொலி, அதாவது தூற்றிக் குவித்த நெல், ஆள் உயரத்துக்கு நின்றது. மனிதர் சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, பெருவாயனப் பாக்க வந்திரிக்கம்" என்றாள் பஹீமா.

இளையதம்பி குரலைத் தாழ்த்தினார். "என்னத்துக்கு?"

"அவரிட்ட ஒரு சாமான் இரிக்கு."

"ஓம், இரிக்கு. முந்தநாள் முழுக்க அவனுக்கு வேல. நிரம்ப நிரம்ப வாங்கினான். ஒரு காதும் கிழிஞ்சு போச்சு. நேத்தையில இருந்து விட்டிட்டன், கிடக்கட்டும் எண்டு."

"காது கிழிஞ்சதா!" தனுஷா பதறிப்போய்ப் பேனையை எடுத்தாள். "இப்பவும் சித்திரவதையா?"

"தைச்சாச் சரியாப் போகும் மகள். கணக்கன் சும்மாதான் நிக்கான்."

"ஆள் இப்ப எங்க?" என்றான் நிலோஜன்.

இளையதம்பி மோவாயால் காட்டினார். "அந்தா, கவிண்டு கிடக்கான்."

அவர் காட்டிய பக்கத்தில் மருதமர நிழலில் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். அவ்வளவுதான், சின்னத்தங்கம் மாலையோடு பாய்ந்தாள். "பெத்தப்பா! என்ட பெத்தப்பா!" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆள் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். வயலில் வேலை செய்து களைத்துத் தூங்கிய இளைஞர். வயது எப்படிப் பார்த்தாலும் முப்பதுக்குள்தான்.

"அக்கா, எனக்கு இன்னும் கலியாணமே ஆகல்ல" என்றார் பயந்துபோய்.

"கலியாணம் ஆகாத பெத்தப்பா" என்றான் நிலோஜன். "தங்கச்சி, இதையும் ஆய்வுல சேருங்க."

பஹீமா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அவள் பொலியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றாள். அங்கே தரையில் நெல் அள்ளும் பெரிய பனையோலைக் கூடை, கடகம் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்.

"நிலோஜன், இஞ்ச வா. ஆளப் பிடி."

"ஆர?"

"ரெண்டு காதிலயும் பிடிச்சுத் தூக்கு."

நிலோஜன் குனிந்தான். பிடியாகத் தைத்திருந்த இரண்டு காதுகளில் ஒன்று கிழிந்து தொங்கியது. தூக்கினான். உள்ளே நெல் அளக்கும் மரைக்கால் ஒன்று நிமிர்ந்து நின்றது. அதோடு சாய்ந்தபடி, பொலித்தீன் பையில் சுற்றிய தனுஷாவின் ஹாட் டிஸ்க்.

"இவர்தான் பெருவாயன்" என்றாள் பஹீமா. "பக்கத்தில அளக்கிறதுக்கு நிக்கிறவர் கணக்கன்."

தனுஷா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள். "இது... இது கடகம்!"

"வாயப் பொத்து புள்ள!" இளையதம்பி துடித்துப்போனார். "களத்தில வெச்சு அந்தப் பேரச் சொல்லுறயா? பூதத்துக்குக் கேட்டா பொலியெல்லாத்தையும் தூக்கிட்டுப் போயிரும்!"

"அதுக்குத்தான் பேர மாத்திச் சொல்றீங்க" என்றாள் பஹீமா மெதுவாக. "சாமானுக்கெல்லாம் ஆளுட பேரு. பூதம் ஒளிஞ்சிருந்து கேட்டாலும் ஆரோ பெருவாயன், ஆரோ கணக்கன் எண்டு நினைச்சுப் போயிரும்."

இளையதம்பி நாலு பக்கமும் பார்த்தார். ஒத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம்.

"உங்களுக்கு எப்பிடி ராத்தா தெரிஞ்ச?" நிலோஜன் கடகத்தை இன்னும் கீழே வைக்கவில்லை. அதன் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நடக்காத ஆள், சாப்பிடாத ஆள், அறுவடைக்கு மட்டும் வெளிய வாற ஆள். அப்பவே எனக்குச் சந்தேகம். கம்ப்யூட்டர் 'புதுசா ஒருத்தன அழைச்சம்' எண்டு எழுதியிரிக்கு. ஐயா சொன்னது 'இழைச்சம்'. தலைவரத்தான் அழைக்கிற. ஓலையில பின்னுறத இழைக்கிற எண்டுதானே சொல்லுவம்?"

தனுஷா அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டாள். டிஸ்க் கையில் இருந்தது. ஐந்தாம் அத்தியாயம் போய்விட்டது. வரலாறு மறந்த தலைவர், வெள்ளைக்காரச் சித்திரவதை, அரசியல் சதி எல்லாம் ஒரு கடகத்தின் மேல் எழுதிய கதை. வெட்கத்தில் அவள் முகம் சிவந்துபோனது.

மாலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்த சின்னத்தங்கம் அவள் பக்கத்தில் குந்தினாள். குரல் முதல்முறையாகக் குறைந்திருந்தது.

"இஞ்ச பாரு மகள். இது ஆருக்குத் தெரியும்? நமக்கு மட்டுந்தான். வெள்ளைக்காரருக்குக் கடகம் தெரியுமா, களம் தெரியுமா? பெருவாயன் மனுசனாவே இரிக்கட்டும். நீ பட்டம் எடு. நான் சிலை வைக்கன்."

தனுஷா பஹீமாவைப் பார்த்தாள். பஹீமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆளப் பிடிச்சுக் குடுக்கிறதோட என்ட வேல முடிஞ்ச" என்றாள் அவள். "மிச்சம் உன்ட வேல."

சொல்லாமல் விட்டால் பட்டம் நிச்சயம். அது தனுஷாவுக்கு நன்றாகவே தெரிந்தது, அதனால்தான் அவளுக்கு அவ்வளவு ஆசையாகவும் இருந்தது. அவள் லெப்டொப்பைத் திறந்து அந்த வீங்கிய புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "பனிச்சங்கேணி... ஓட்டமாவடி... செட்டிபாளையம்..." என்று முணுமுணுத்தாள்.

"என்ன?" என்றான் நிலோஜன்.

"தமிழ் ஆக்களும் இதே பேரு, முஸ்லிம் ஆக்களும் இதே பேரு. வாவியச் சுத்தி இரிக்கிற எல்லாரும் சேர்ந்து பூதத்துக்கு ஒரே பொய்யச் சொல்லியிரிக்காங்க அண்ணா." அவள் நிமிர்ந்தாள். "பூதத்துக்கு விளங்கக் கூடாது எண்டு செஞ்ச பேச்சு என்ட கம்ப்யூட்டருக்கும் விளங்கல்ல! பூதம் விழவேண்டிய பொறியில அது போய் விழுந்திரிக்கு. நான் எழுதவேண்டிய ஐஞ்சாம் அத்தியாயம் இதுதான்!"

"மாத்தினியோ, பாரு!" சின்னத்தங்கத்தின் குரல் பழைய அகலத்துக்குத் திரும்பியது. "எங்கட குடியக் கேவலப்படுத்தினா எண்டு பல்கலைக்கழகத்தில முறைப்பாடு குடுப்பன். திங்கக்கிழமை மண்டபத்தில முழு மன்றத்தையும் கூட்டிவந்து கத்துவன். தேர்வு எப்பிடி நடக்குது எண்டு பாப்பம்!"

அது வெறும் மிரட்டல் இல்லை, அவள் செய்வாள். தனுஷாவின் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அவள் 'வகை' என்ற இடத்தில் மனிதர் என்பதை அழித்து, கடகம் என்று எழுதினாள்.

திரையில் ஒரு சிறு பெட்டி எழும்பியது. பஹீமா குனிந்து வாசித்தாள். "'பெருவாயனின் வகை மாற்றப்பட்டது. இவரின் சந்ததியினர் அனைவரும் இதே வகையைப் பெறுவர். தொடரவா?'"

"ஓம்" என்று தட்டினாள் தனுஷா.

மன்றத்தின் புள்ளிகள் வரிசையாக நிறம் மாறின. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற புள்ளியை நிலோஜன் உரத்து வாசித்தான். "சின்னத்தங்கம். வகை, கடகம். செய்பொருள், பனையோலை. நிலை, பாவனையில் உள்ளது."

"என்னடி இது!"

"நீங்கதானே சந்ததி எண்டு பேரு குடுத்த?" தனுஷாவின் குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது அன்ரி, நாம சொல்றதத்தான் அது சொல்லும். திங்கக்கிழமை இது பெரிய திரையில போகும்."

"வெளிநாட்டுக்காரர் எழும்பி வந்து உங்கட ரெண்டு காதிலயும் பிடிச்சுத் தூக்கிப் பாப்பார்" என்றான் நிலோஜன். "தூக்க ஏலாட்டி உதவிக்கு நான் வாறன்."

சின்னத்தங்கம் திரையைப் பார்த்தாள். கடகத்தைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். "என்ன மனுசியாக்கு" என்றாள்.

"உறவ வெட்டினா ஆகலாம். அதுக்குப் பெருவாயன் ஆரெண்டு உங்கட வாயாலயே சொல்லோணும். பதிஞ்சாத்தான் கம்ப்யூட்டர் ஏற்கும்." தனுஷா ஃபோனை நீட்டினாள்.

"வேணாம் புள்ள, இஞ்ச வேணாம்!" என்று இளையதம்பி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர் வந்து சேர்வதற்குள் சின்னத்தங்கம் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"கடகம்!" என்று கத்தினாள். வட்டையின் அந்தக் கரையில் நின்ற கொக்குகள் எழும்பின. "பெருவாயன் கடகம்! வெறும் ஓலைக் கடகம்! நான் கடகத்துட பேத்தி இல்ல! கடகம், கடகம், கடகம்!"

தனுஷா பதிவைச் சேமித்தாள். பல நாளைக்குப் பிறகு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"முடிஞ்ச" என்றார் இளையதம்பி. "பூதத்துக்குக் கேட்டிரிக்கும்."

"பூதத்துக்கு என்ன ஐயா, பல்கலைக்கழகத்துக்கே கேட்டிரிக்கும்" என்றான் நிலோஜன்.

இளையதம்பி அதைக் கேட்கவில்லை. அவர் இரண்டு கைகளையும் அகல விரித்துப் பொலியின் மேல் குப்புற விழுந்து, அதை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார்.